கமாண்டர் ஷெப்பர்ட்: பின்னணி எது, செத்தது எப்போது, கடைசியில் பிழைத்தாரா? (மூன்று பாகக் கதையும் உடைபடும்)

#1 | அடுத்தசுழற்சி

லெஜண்டரி எடிஷன் (மூன்று பாகங்களின் மறுபதிப்பு) வந்ததிலிருந்து மாஸ் எஃபெக்ட் விண்வெளி வீடியோ கேம் பக்கம் புதிதாக வருபவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது மூன்றே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இழையில் போட்டுவிடலாம்.

நாம் ஆடும் நாயகர் ஷெப்பர்டின் பின்னணிக் கதை எது? தொடக்கத்தில் ஆட்டம் மூன்று மூன்றாகத் தேர்வு தருகிறதே, அதில் பின்னால் ஏதாவது மாறுமா? இரண்டாம் பாகத்தின் முதல் பத்து நிமிடத்தில் செத்தவர் எப்படி எழுந்தார்? மூன்றாம் பாக முடிவில் இடிபாட்டுக்குள் ஒரு மூச்சு வருகிறதே, அதை வரவைக்க என்ன செய்ய வேண்டும், அதற்கு என்ன பொருள்?

எண்களோடு சொல்லுங்கள். "எல்லா சைடு மிஷனும் ஆடுங்க, தானா வரும்" வகைப் பதில் வேண்டாம். இன்னும் ஆடி முடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

---

#2 | சாரங்கன்_என்7

பின்னணியிலிருந்து தொடங்குகிறேன்.

மாறாதவை சில உண்டு. பிறந்தது 2154 ஏப்ரல் 11. பதினெட்டு வயதில் அலையன்ஸ் எனும் மனிதர்களின் படையில் சேர்க்கை. பிறகு என்7 தகுதி, அதாவது சிறப்புப் படைப் பயிற்சியின் உச்சப் படி. குடும்பப் பெயர், விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டின் நினைவாக வைத்தது. முதற்பெயரை நாம் மாற்றாவிட்டால் ஜான் அல்லது ஜேன். குரல் மார்க் மீர் அல்லது ஜெனிஃபர் ஹேல்.

மாறுபவை இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு, வளர்ந்த இடம்.

ஸ்பேஸர்: பெற்றோர் இருவரும் கடற்படை. அம்மா ஹன்னா ஷெப்பர்ட் உயிரோடு இருக்கிறார். முதல் பாகத்தில் அவரோடு பேசவே முடியும். மூன்று தேர்வுகளில் குடும்பம் மிஞ்சுவது இதில் மட்டும்தான்.

காலனிஸ்ட்: மிண்டுவார் குடியேற்றம். 2170-இல் பட்டேரியர் எனும் வேற்றினத்து அடிமை வணிகர்கள் தாக்கி ஊரையே அழிக்கிறார்கள். ஷெப்பர்டுக்கு வயது 16. ரோந்து வந்த அலையன்ஸ் வீரர்கள் மீட்கிறார்கள்.

எர்த்பார்ன்: பூமியில் அனாதை, தெருவில் வளர்ந்து டென்த் ஸ்ட்ரீட் ரெட்ஸ் கும்பலில் இருந்தவர்.

இரண்டாவது அடுக்கு, படையில் பெயர் வாங்கிய சம்பவம். 2176 எலீசியத்தில் கொள்ளையர் படை இறங்கியபோது, விடுப்பில் இருந்தவர் பொதுமக்களைத் திரட்டி உதவி வரும்வரை தாக்குப்பிடித்தால் 'வார் ஹீரோ'. 2177 அகூஸில் த்ரெஷர் மா எனும் ராட்சதப் புழுக்கள் 50 வீரர்களைத் தின்று தீர்க்க, தனியாகத் தப்பியவர் 'சோல் சர்வைவர்'. 2178 டார்ஃபனில் தன் ஆட்களில் முக்கால்வாசிப் பேரைப் பலிகொடுத்து, சரணடைந்த பட்டேரியர்களையும் கொன்றவர் 'ரூத்லெஸ்'.

ஆக, ஒன்பது ஷெப்பர்ட். இதில் "உண்மையானது" என்று ஆட்டத்தை உருவாக்கிய பயோவேர் எதையும் நிறுத்தவில்லை. பழைய சேவ் இல்லாமல் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினால் ஒரு இயல்புநிலை வரும். அணித்தோழர் ரெக்ஸ் இறந்தவர், சிட்டடெல் விண்வெளி நிலையத்தின் ஆட்சிக் கவுன்சில் அழிந்தது என்று அதில் இருக்கும். அது ஆட்டம் ஓட வைத்த ஏற்பாடு. அதுதான் கதை என்று வாதாட வராதீர்கள்.

---

#3 | குவாரியன்மகள்

ஸ்பேஸர்/காலனிஸ்ட்/எர்த்பார்ன் எதை எடுத்தாலும் உருப்படியா மாறுறது கொஞ்சம்தான். முதல் பாகத்துல ஆளுக்கொரு சின்ன சிட்டடெல் மிஷன் கிடைக்கும். காலனிஸ்டுக்கு வர்ற டாலிதா மிஷன் மட்டும் மத்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்டுரும். மிண்டுவார்ல பிடிபட்டு அடிமையா வளர்ந்த பொண்ணு, துறைமுக மேடையில துப்பாக்கியோட நிக்கும். துப்பாக்கியைத் தூக்காம, ஒவ்வொரு அடியா முன்னாடி போய்ப் பேசணும். அவசரப்பட்டா கெட்டுரும். மொத்தத் தொடர்லயும் இவ்வளவு அடக்கமா எழுதின காட்சி கம்மி. முதல் தடவை ஆடுறவங்களுக்கு நான் காலனிஸ்ட்தான் சொல்வேன், காரணம் இந்த ஒரு காட்சி.

ஆட்டக் கணக்குல பார்த்தா: ஸ்பேஸரும் வார் ஹீரோவும் பாராகான் (நல்ல வழி) பக்கம் தொடக்கப் புள்ளி தரும். எர்த்பார்னும் ரூத்லெஸும் ரெனகேட் (முரட்டு வழி) பக்கம். மத்த ரெண்டும் நடுவுல. சில மணி நேரம் ஆடினா அந்த வித்தியாசம் கரைஞ்சு போயிரும்.

---

#4 | விஜில்_காவலர்

சோல் சர்வைவரை இவ்வளவு லேசாக விட முடியாது. கதையில் பெரிய ஓட்டை விழுவதே அங்கேதான்.

அகூஸில் செத்தது விபத்தில்லை. முதல் பாகத்தில் விஞ்ஞானிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் துணைப்பணியைப் பின்தொடர்ந்தால், டூம்ஸ் என்ற கார்ப்பரல் கிடைப்பார். அகூஸில் இறந்ததாக எல்லோரும் நினைத்தவர். அவரைப் பிடித்துவைத்துப் பரிசோதனை செய்தது செர்பரஸ் எனும் மனித ஆதிக்க ரகசிய அமைப்பு. புழுக்களை வைத்து அந்தப் படையை அழித்ததும் அவர்களே. அதாவது ஷெப்பர்டின் 50 தோழர்களைக் கொன்ற அமைப்பு.

அடுத்த பாகத்தில் அதே செர்பரஸ் ஷெப்பர்டுக்கு உயிர் கொடுத்து, கப்பல் கொடுத்து, சம்பளமும் கொடுக்கிறது. சோல் சர்வைவர் இதற்குக் கொதித்திருக்க வேண்டாமா? ஆட்டத்தில் கிடைப்பது சில வரி வசனம், டூம்ஸ் உயிரோடு இருந்தால் அவரிடமிருந்து ஒரு கோபமான மின்னஞ்சல். அவ்வளவுதான். ஒன்பது பின்னணியில் ஒன்றுக்காக மட்டும் பாகம் முழுவதும் தனி வசனம் எழுதிப் பதிவு செய்ய முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் செர்பரஸைத்தான் மையமாக வைக்கப்போகிறோம் என்றால் இந்த ஒரு பின்னணிக்காவது கூடுதலாக உழைத்திருக்கலாம்.

---

#5 | சாரங்கன்_என்7

@விஜில்_காவலர் ஒப்புக்கொள்கிறேன். சரி, அடுத்தது மரணம்.

2183-இல் சாவரன் எனும் ரீப்பரை (உயிரினங்களை அழிக்க வரும் ராட்சத இயந்திரக் கப்பலை) வீழ்த்தி ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அல்கேரா கோளுக்கு மேலே கலெக்டர் எனும் வேற்றினத்தின் கப்பல், ஷெப்பர்டின் பழைய கப்பலான நார்மண்டியை இரண்டாகக் கிழிக்கிறது. இருக்கையை விட்டு எழாத கப்பலோட்டி ஜோக்கரைத் தப்பிக்கும் கலத்தில் தள்ளிவிட்டு, ஷெப்பர்ட் வெளியே வீசப்படுகிறார். காற்றுக் குழாய் அறுந்து மூச்சுத் திணறி இறக்கிறார். உடல் கோளை நோக்கி விழுகிறது. மயக்கம், உறைநிலை என்றெல்லாம் பூசி மெழுக வேண்டாம், இது முழு மரணம்.

உடலை மீட்டது அணித்தோழி லியாரா. அது ஷேடோ புரோக்கர் எனும் ரகசியத் தகவல் வியாபாரி வழியாகக் கலெக்டர்களுக்கு விலைபோக இருந்தது. அதைத் தடுத்து செர்பரஸ் கையில் கொடுத்தார். இந்தப் பகுதி ஆட்டத்துக்குள் வசனமாக மட்டும் வரும். முழுசாக இருப்பது 'ரிடெம்ப்ஷன்' என்ற காமிக்ஸில்.

அதன் பிறகு லாசரஸ் திட்டம். பொறுப்பு மிராண்டா லாசன். காலம் இரண்டு ஆண்டு. செலவு நானூறு கோடி கிரெடிட்டுக்கு மேல். 2185-இல் பாதி வேலையில் நிலையம் தாக்கப்பட, ஷெப்பர்ட் எழுந்திருக்கிறார். முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் தழும்பு அதனால்தான். ரெனகேட் பக்கம் போகப் போக அது அதிகமாகும், பாராகான் போனால் ஆறும். பிடிக்காவிட்டால் கப்பலின் மருத்துவப் பிரிவை மேம்படுத்தலாம். 50,000 பிளாட்டினம் கேட்கும். கோள்களைச் சுரண்டும் வேலைக்குப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தழும்பு ஒன்றும் கேவலமில்லை.

---

#6 | கதிர்_அடெப்ட்

எழுந்தது அதே ஆளா? அந்தக் கேள்விதான் இன்னும் மிச்சம்.

---

#7 | விஜில்_காவலர்

@கதிர்_அடெப்ட் ஆட்டம் இதை நேருக்கு நேர் தொடுவது மூன்றாம் பாகத்தின் க்ரோனோஸ் நிலையத்தில். செர்பரஸின் பழைய பதிவுகளை வழியில் போட்டுப் பார்க்கலாம். கணினியைத் தாண்டி ஓடிவிட்டால் போச்சு, எனவே நிதானமாகப் போங்கள். மூளைச்சாவு நிலையில் இருந்த உடலிலிருந்துதான் வேலை தொடங்கியது என்று பதிவு சொல்லும். ஷெப்பர்ட் அதைக் கேட்டுவிட்டு, தன்னை ஷெப்பர்ட் என்று நம்பும் ஒரு நிரல்தானோ நான் என்று கேட்பார். உடன் வருபவர் ஆறுதல் சொல்வார். எழுத்தாளர்கள் அதற்கு மேல் போகவில்லை. போகாமல் விட்டதே சரி என்பேன்.

உடலில் எவ்வளவு பங்கு இயந்திரம் என்று எங்கும் கணக்கு இல்லை. எலும்பு, தசை, தோலில் செயற்கை நெசவு இருப்பது மேம்பாட்டுப் பட்டியலில் தெரியும். இது கடைசி முடிவில் தலைவலியாக வரும், நினைவில் வையுங்கள்.

---

#8 | குவாரியன்மகள்

ரெண்டாவது மரணம் பத்தி யாருமே சொல்லலையே. ரெண்டாம் பாகக் கடைசியில, ஒமேகா-4 ரிலேக்கு (கலெக்டர் தளத்துக்குப் போற வாசல்) அந்தப் பக்கம் போற மிஷன்ல ஷெப்பர்ட் நிஜமாவே சாகலாம், கதை அங்கேயே முடியும்.

விதி ரொம்ப எளிமை. கடைசியில ஷெப்பர்ட் கப்பலை நோக்கித் தாவும்போது இழுத்துப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். அணியில ரெண்டு பேர் கூட மிஞ்சலைன்னா கை நழுவி விழுந்துருவார். அந்த சேவை மூணாம் பாகத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இதை வரவைக்கிறதுக்கே பாடுபடணும். வழக்கமா கேக்கிறது இதுக்கு நேர்மாறு, ஒருத்தரும் சாகாம முடிக்கிறது எப்படின்னு. வரிசையா சொல்றேன்.

கப்பலுக்கு மூணு மேம்பாடு. அணியில இருக்கிற ஜேக்கப் சொல்ற கவசம், டாலி சொல்ற கேடயம், கேரஸ் சொல்ற தானிக்ஸ் பீரங்கி. முதல் ரெண்டுக்கும் பல்லேடியம், பீரங்கிக்குப் பிளாட்டினம். ஒண்ணு விட்டா ஒருத்தர் காலி. கவசம் இல்லைன்னா சாகுறது ஜாக்தான், அதுல மாத்தமே கிடையாது. இவங்ககிட்ட அடிக்கடி போய்ப் பேசினாத்தான் இந்த மேம்பாடுகள் பட்டியல்லயே வரும். நிறையப் பேர் கோட்டை விடுறது இங்க.

எல்லாருக்கும் லாயல்டி (விசுவாச) மிஷன் முடிச்சிருக்கணும். அதுக்கப்புறம் மிராண்டா-ஜாக் சண்டை, டாலி-லீஜியன் சண்டை ரெண்டு வரும். ஒரு பக்கம் சாய்ஞ்சா அடுத்தவங்க லாயல்டி போயிரும். ரெண்டு பேரையும் சமாளிக்க பாராகான் அல்லது ரெனகேட் ஏதாவது ஒண்ணு உயரமா இருக்கணும். ரெண்டையும் பாதிப் பாதி வளர்த்தவங்க இங்க மாட்டுவாங்க.

குழாய்க்குள்ள போறது: டாலி, லீஜியன், கசுமி, மூணுல ஒருத்தர். ஜேக்கப் தானா முன்வருவார், அனுப்பாதீங்க. அந்த நேரத்துல ரெண்டாவது குழுவுக்குத் தலைமை: கேரஸ், ஜேக்கப், மிராண்டா. தலைவர் தப்பா இருந்தா சாகுறது தலைவர் இல்லை, குழாய்க்குள்ள இருக்கிறவர்!

பயாட்டிக் கூடு (மனசக்தியால செய்ற பாதுகாப்பு வளையம்): ஜாக் அல்லது சமாரா (மோரிந்த்தை வெச்சிருந்தா அவங்க). மிராண்டா எந்த பயாட்டிக்கும் செய்யலாம்னு சொல்வாங்க. நம்பாதீங்க. கூடு உடைஞ்சு உங்ககூட நடக்கிறவங்கள்ல ஒருத்தரைப் பூச்சிக்கூட்டம் தூக்கிட்டுப் போயிரும். இதே கட்டத்துல தலைவர் மறுபடி கேரஸ், ஜேக்கப், மிராண்டா.

மீட்ட ஆட்களைக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போக லாயல்டி உள்ள ஒருத்தரை அனுப்புங்க. யாரையும் அனுப்பலைன்னா கப்பல் ஆட்கள் அத்தனை பேரும் சாவாங்க. அனுப்ப வேண்டியது மோர்டின், காரணம் அடுத்து வரும்.

---

#9 | சாரங்கன்_என்7

அந்தக் காரணத்தை நான் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் "எல்லாம் சரியாகச் செய்தும் மோர்டின் செத்துட்டார்" என்ற புலம்பலின் மூலம் இதுதான்.

கடைசிச் சண்டைக்கு நீங்கள் இருவரோடு போவீர்கள். மீதிப் பேர் வாசலில் நின்று காக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மறைமுக மதிப்பெண் உண்டு. கிரண்ட், ஸயீத், கேரஸ்: 4. மிராண்டா, ஜேக்கப், தேன் கிரியோஸ், சமாரா, லீஜியன்: 2. மோர்டின், டாலி, கசுமி, ஜாக்: 1. லாயல்டி இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஒன்று குறையும். வாசலில் ஐந்து பேரோ அதற்கு மேலோ நின்றால், சராசரி 2 இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். 1.5 முதல் 2-க்குள் என்றால் ஒருவர். அதற்கும் கீழே போனால் இரண்டு, மூன்று என்று ஏறும். சாகும் வரிசையில் முதலில் நிற்பவர் மோர்டின், அடுத்து டாலி.

பன்னிரண்டு பேர் அணியை எடுத்துக்கொள்வோம். கிரண்டும் கேரஸும் பலசாலிகள் என்று கூடவே கூட்டிப்போய், ஸயீத்தைப் பாதுகாப்புக்கு அனுப்பினால் வாசலில் மிஞ்சும் ஒன்பது பேரின் கூட்டல் 14. சராசரி 1.56. மோர்டின் காலி. அதே அணியில் மோர்டினை அனுப்பி, டாலியையும் ஜாக்கையும் கூட்டிப்போனால் கூட்டல் 23, சராசரி 2.56. ஒருவருக்கும் கீறல் விழாது.

இன்னொன்று: ரீப்பர் ஐஎஃப்எஃப் கருவியை (ஒமேகா-4 ரிலேயைக் கடக்க வேண்டியது) எடுத்த பிறகு சில மிஷன்களுக்குள் கப்பல் ஆட்கள் கடத்தப்படுவார்கள். கடத்தப்பட்டதும் உடனே ரிலே வழியாகப் போனால் எல்லோரும் பிழைப்பார்கள். இடையில் ஒன்று முதல் மூன்று மிஷன் ஆடினால் பாதிப் பேர் போய்விடுவார்கள், கெல்லி சேம்பர்ஸ் உட்பட. அதற்கும் மேலே இழுத்தால் டாக்டர் சாக்வாஸ் மட்டும். ஆகவே மற்ற எல்லா லாயல்டி மிஷனையும் முடித்துவிட்டுத்தான் ஐஎஃப்எஃப் பக்கம் போக வேண்டும். எடுத்தவுடன் லீஜியனை எழுப்பி அதன் மிஷனை முடித்துவிடுங்கள்.

---

#10 | அடுத்தசுழற்சி

நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். இனி அந்த மூச்சு.

---

#11 | கதிர்_அடெப்ட்

மூச்சுக் காட்சி ஒரே முடிவில்தான் வரும்: டிஸ்ட்ராய் (ரீப்பர்களை அழிப்பது), அதாவது சிவப்பு. கன்ட்ரோலில் ஷெப்பர்டின் உடல் எரிந்து, அவர் நினைவை அடிப்படையாகக் கொண்ட ஒரு செயற்கை அறிவு ரீப்பர்களை ஆள்கிறது. சிந்தசிஸில் (உயிரையும் இயந்திரத்தையும் இணைப்பது) ஒளிக்கற்றைக்குள் குதித்துக் கரைகிறார். ரெஃப்யூஸில் (மூன்றையும் மறுத்தால்) எல்லோருமே தோற்கிறார்கள். லியாரா புதைத்துவைத்த பதிவு அடுத்த சுழற்சிக்காரர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

சிவப்பை எடுத்தாலும் படைத் தயார்நிலை எண், அதாவது ஈஎம்எஸ், போதுமான அளவு வேண்டும். இங்கேதான் இணையத்தில் ஆளுக்கொரு எண் சுற்றுகிறது, ஏனென்றால் மூன்று காலக் கணக்கு கலந்துவிட்டது.

2012 மார்ச்சில் வந்த மூல ஆட்டம்: செர்பரஸ் தலைவர் இல்லூசிவ் மேனோடு நடக்கும் காட்சியில் ஷெப்பர்டின் மேலதிகாரி ஆண்டர்சனைக் காப்பாற்றியிருந்தால் 4000, இல்லாவிட்டால் 5000. திரட்டிய வார் அசெட்ஸ் (போர் வளங்கள்) கூட்டல், பல்லாட்டக்காரர் (மல்டிபிளேயர்) பகுதியை ஆடாவிட்டால் 50 சதவீதமாகத்தான் கணக்காகும். 4000 வேண்டுமென்றால் 8000 திரட்ட வேண்டும். தனியாக ஆடியவர்கள் கடுப்பானது நியாயம்தான்.

அதே ஆண்டு ஜூனில் எக்ஸ்டெண்டட் கட்: 3100 ஆகக் குறைத்தார்கள். பாதிக் கணக்கிலும் 6200 திரட்டினால் போதும்.

2021 லெஜண்டரி எடிஷன்: பல்லாட்டக்காரர் பகுதியே கிடையாது. சதவீதக் குறைப்பும் கிடையாது. அதனால் வரம்பை 7000-க்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டியில் 3100 என்று படித்துவிட்டு லெஜண்டரியில் தைரியமாகக் கடைசிப் போர் நடக்கும் லண்டனில் இறங்கினால் மூச்சு வராது.

---

#12 | குவாரியன்மகள்

லெஜண்டரில அந்த எண்ணுக்கு மூணாம் பாகத்தை மட்டும் ஆடினா எட்டுறது கஷ்டம். முதல் பாகத்துல எடுத்த முடிவு கூட இங்க காசாகும். ஒரு உதாரணம் மட்டும் சொல்றேன். முதல் பாகத்துல ரக்னி எனும் பூச்சியினத்தோட ராணியை விட்டிருந்தா, மூணாம் பாகத்துல காப்பாத்தின பிறகு அவங்க க்ரூசிபிள் (ரீப்பர்களுக்கு எதிரான ஆயுதம்) வேலைக்கு உதவுவாங்க. கொன்னிருந்தா அதே இடத்துல ரீப்பர் செஞ்ச போலி ராணி இருக்கும். இரக்கப்பட்டு அதை விட்டீங்கன்னா துரோகம் பண்ணும், இருக்கிற புள்ளியும் குறையும்.

நேரம் கடந்தா போற மிஷன்கள் இன்னொரு பொறி. க்ரிஸம் அகாடமியைத் தள்ளிப்போட்டா காலாவதி ஆயிரும். ரெண்டாம் பாகத்துல பிழைச்ச ஜாக்கை அப்புறம் க்ரோனோஸ் நிலையத்துல செர்பரஸ் ஃபாண்டமா (எதிரி வீரரா) எதிர்ல பார்க்க வேண்டி வரும். டுச்சாங்கா வெடிகுண்டு மிஷனும் அதே மாதிரி. சிட்டடெல் கலகத்துக்கு முன்னாடி சிட்டடெல்ல இருக்கிற சின்ன வேலைகளை முடிச்சுடுங்க.

குவாரியன்களோட தாய்க்கோள் ரன்னோக்ல, குவாரியன், அவங்க படைச்ச கெத் இயந்திர இனம் ரெண்டு பேரையும் சேர்த்து வைக்க முடியும். அதுக்கு டாலியும் லீஜியனும் பிழைச்சிருக்கணும், டாலியை நாடு கடத்தியிருக்கக் கூடாது, அட்மிரல் கோரிஸைக் காப்பாத்தியிருக்கணும், லீஜியன் தர்ற கெத் சர்வர் மிஷனும் முடிஞ்சிருக்கணும். ரெண்டாம் பாகத்துல ஹெரெடிக் கெத்தை (ரீப்பர் பக்கம் சாய்ஞ்ச கெத்) அழிச்சிருந்தா சமாதானம் சுலபம். மனசு மாத்தி விட்டிருந்தா கெத் பலம் கூடி, குவாரியன் பயம் கூடி, சமாதானம் கஷ்டமாகும். கேட்க நல்லாத் தெரியிற முடிவு இங்க எதிரா வேலை செய்யுது.

---

#13 | விஜில்_காவலர்

கலெக்டர் தளத்தை அழித்தால் புள்ளி போய்விடும் என்று பயப்படுபவர்களுக்கு: தளத்தை வைத்திருந்தால் ரீப்பர் மூளை 110, அழித்திருந்தால் ரீப்பர் இதயம் 100. வித்தியாசம் பத்தே பத்து. அதன் உண்மையான எடை வேறிடத்தில். ஈஎம்எஸ் படுமோசமாக இருந்தால் கடைசியில் ஒரே ஒரு தேர்வுதான் திறக்கும்: தளத்தை அழித்தவருக்கு டிஸ்ட்ராய், வைத்திருந்தவருக்கு கன்ட்ரோல். அந்த மோசமான டிஸ்ட்ராயில் பூமியே எரிந்துவிடும். சிந்தசிஸ் மூல ஆட்டத்தில் 2800-க்குக் கீழே கண்ணிலேயே படாது.

---

#14 | நிழல்_தரகர்

எல்லாரும் மூச்சுக் காட்சியை அப்படியே நம்புறீங்க. அது லண்டன் இடிபாடு. கான்கிரீட், கம்பி எல்லாம் தெரியுது. விண்வெளி நிலையத்துல கான்கிரீட் ஏது? ஹார்பிஞ்சர்ங்கிற ரீப்பர் சுட்டதும் ஷெப்பர்ட் அங்கேயே விழுந்துட்டார். சிட்டடெல், கடைசித் தேர்வுகளைச் சொல்ற குழந்தை, மூணு வண்ணம் எல்லாம் ரீப்பர் மூளைக்குள்ள ஓட்டின படம். சிவப்பை எடுத்தா மட்டும் விழிக்கிறார். கனவுல வந்த கறுப்பு நிழல்கள், ஆண்டர்சனைச் சுட்ட இடத்துலயே ஷெப்பர்டுக்கும் ரத்தம் வர்றது... எல்லாம் பொருந்துது.

---

#15 | சாரங்கன்_என்7

@நிழல்_தரகர் 2012 மார்ச்சில் இந்த வாதம் வலுவாக இருந்தது. முடிவு அவ்வளவு அரைகுறையாக இருந்ததால் "இது கனவாகத்தான் இருக்க வேண்டும்" என்பது அன்பான வாசிப்பு. எக்ஸ்டெண்டட் கட் வந்த பிறகு நிற்கவில்லை. டிஸ்ட்ராயில் அட்மிரல் ஹாக்கெட், கன்ட்ரோலில் ஷெப்பர்டின் செயற்கை அறிவு, சிந்தசிஸில் நார்மண்டியின் செயற்கை அறிவு ஈடி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னுரை. நிலையங்களைத் திரும்பக் கட்டுவது, கப்பல் மறுபடி பறப்பது எல்லாம் காட்டுகிறார்கள். கன்ட்ரோல் எடுத்தவர் மூளை ரீப்பர் வசம் போயிருந்தால் அந்தப் பின்னுரை எதற்கு? ரெஃப்யூஸில் ரீப்பர்கள் நிஜமாகவே ஜெயிக்கிறார்கள். நான்கும் நடந்த நிகழ்வாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. பிறகு வந்த லெவியத்தான் டிஎல்சி (கூடுதல் பகுதி) அந்தக் குழந்தையின் மூலத்தையும் சொல்லிவிட்டது: லெவியத்தான்கள் எனும் ஆதி இனம் படைத்து, அவர்கள் மேலேயே திரும்பிய செயற்கை அறிவு.

இடிபாட்டைப் பொறுத்தவரை, அது எந்த இடம் என்று ஆட்டம் சொல்லவில்லை. சில நொடிக் காட்சியின் பின்னணிக் கல்லை வைத்து ஒரு கோட்பாடு கட்டுவது அதிகப்படி.

---

#16 | விஜில்_காவலர்

கல்லை விட நல்ல ஆதாரம் பெயர்ப்பலகை. எக்ஸ்டெண்டட் கட்டில் நார்மண்டியின் நினைவுச் சுவரில் ஷெப்பர்டின் பெயரை வைக்கக் காதலர் வருவார். மற்ற முடிவுகளில் வைத்துவிடுவார். உயர் ஈஎம்எஸ் டிஸ்ட்ராயில் பலகையைக் கையில் வைத்தபடி தயங்கி நிற்பார், வைக்கமாட்டார். அதன் பிறகுதான் மூச்சு. பிழைத்தார் என்று எழுத்தாளர்கள் நினைத்தார்கள் என்பதற்கு எனக்கு இது போதும்.

இதே சுவரில் டிஸ்ட்ராயில் ஈடியின் பெயரும் இருக்கும். அந்த முடிவின் விலை அது. கெத் இனமும் போகும், ரன்னோக்கில் அவ்வளவு பாடுபட்டுச் சமாதானம் செய்திருந்தாலும்.

---

#17 | கதிர்_அடெப்ட்

அங்கதான் #7-ல சொன்ன தலைவலி. செயற்கை எல்லாம் அழியும், நீயும் பாதி செயற்கைதான்னு குழந்தை சொல்லுது. ஈடி, கெத் செத்தா லாசரஸ் உடம்பு எப்படித் தாங்கும்?

---

#18 | விஜில்_காவலர்

@கதிர்_அடெப்ட் ஷெப்பர்டிடம் இருப்பது உடலைத் தாங்கும் கருவிகள். யோசிப்பது அவருடைய சொந்த மூளை. ஈடிக்கும், ரன்னோக் நேரத்து கெத்துக்கும் யோசிப்பதே ரீப்பர் தொழில்நுட்பத்தின் மேல்தான். ஈடி பாதி சாவரனின் எச்சத்திலிருந்து வந்தது, கெத்துக்கு லீஜியன் ரீப்பர் நிரலைப் பகிர்ந்தது. அலை குறிவைத்தது அதை என்று எடுத்துக்கொண்டால் பொருந்துகிறது. ஆட்டம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, இது என் வாசிப்பு. குழந்தை சொன்னதும் மிரட்டல் மாதிரியான பேச்சு. "நீ சாவாய்" என்று அது உறுதியாகச் சொல்லவில்லை.

ஈஎம்எஸ் எண் ஏன் பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்பதும் இதோடு சேரும். எண் குறைவென்றால் க்ரூசிபிள் சேதப்பட்டது, அலை கண்மண் தெரியாமல் எல்லாவற்றையும் பொசுக்கும். எண் கூடக் கூடச் சேதம் குறையும். பூமி எரிவதிலிருந்து ஷெப்பர்ட் மூச்சு விடுவது வரை ஒரே அளவுகோல்தான்.

---

#19 | நிழல்_தரகர்

சரி, அடுத்த ஆட்டத்துல வர்றது க்ளோனா இருந்தா? சிட்டடெல் டிஎல்சில செர்பரஸ் உதிரி உறுப்புக்காக வளர்த்த க்ளோன் இருக்கே.

---

#20 | குவாரியன்மகள்

@நிழல்_தரகர் நீங்க விடமாட்டீங்க போல :) அந்த க்ளோன் நார்மண்டி சரக்குக் கதவுல இருந்து விழுந்து செத்தாச்சு. கை கொடுத்தாலும் பிடிக்க மாட்டேங்குது. அதை எழுப்பினா லாசரஸை ரெண்டாவது தடவை ஓட்டின மாதிரி ஆயிரும்.

அடுத்த ஆட்டம் பத்தி கண்ணால பார்த்தது 2020 டிசம்பர்ல காட்டின முன்னோட்டம். பனிக்கோள்ல லியாரா, செத்த ரீப்பர் உடல் பக்கத்துல, என்7 எழுதின கவசத் துண்டை எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறாங்க. செத்த ரீப்பர்னா டிஸ்ட்ராய் முடிவுதான்னு பெரும்பாலானவங்க வாசிக்கிறாங்க, நானும்தான். ஆனா ஷெப்பர்ட் வர்றார்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. லியாரா அசாரி, ஆயிரம் வருஷம் வாழற இனம். அது எந்தக் காலம்னு அவங்களை வெச்சுச் சொல்ல முடியாது.

ஆண்ட்ரோமிடாங்கிற தனி ஆட்டத்து ஆட்கள் வழியா பதில் வரும்னும் எதிர்பார்க்க வேண்டாம். 2185-லயே கிளம்பிட்டாங்க, போய்ச் சேர்ந்தது 2819. ரீப்பர் போர் நடந்தப்போ வழியில தூங்கிட்டு இருந்தாங்க.

---

#21 | அடுத்தசுழற்சி

கடைசியாக ஒன்று. எண் இருந்தும் சிலருக்கு ரெஃப்யூஸ் முடிவு வந்துவிடுகிறதே, அது ஏன்?

---

#22 | சாரங்கன்_என்7

குழந்தையைச் சுட்டிருப்பார்கள். கையில் துப்பாக்கி இருக்கிறது, கோபமும் இருக்கிறது. எக்ஸ்டெண்டட் கட்டுக்குப் பிறகு அந்தக் குண்டே மறுப்பாகக் கணக்காகிவிடும். அதன் பேச்சு முழுவதும் முடிந்து கட்டுப்பாடு உங்களிடம் வந்ததும் விசையில் கை வைக்காமல் நடங்கள். வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம், நேரே நடுவில் பச்சை. சிவப்புக்குக் குழாய்க்குப் பக்கத்தில் போய்தான் சுட வேண்டும்.

க்ரோனோஸ் நிலையத்துக்குக் கிளம்புமுன் தனியாக ஒரு சேவ் போடுங்கள். அதற்குப் பிறகு துணைப்பணிக்குத் திரும்ப வழியில்லை, எண் போதவில்லை என்று லண்டனில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த சேவில் வார் டெர்மினலைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு, குறைவென்றால் விட்ட கோள்களைத் தேடப் போங்கள். தேடும்போது ரீப்பர்கள் துரத்தினால் அந்த நட்சத்திர மண்டலத்தை விட்டு வெளியேறி, ஒரு மிஷன் முடித்துவிட்டுத் திரும்ப வந்தால் மறந்திருப்பார்கள்.